பக்கவாதம் கண்டவர்களின் ஆன்லைன் குழுவில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருகிறவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆன்லைன் குழு ஒன்றை நீங்கள் நடத்துகிறீர்கள் என்றால் இது உங்களுக்காக எழுதியது. முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. குழுவில் இப்போது என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். உயிருக்கு ஆபத்தானவற்றை மேலே வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். மற்ற குழுக்களில் ஒருவர் என்ன எழுதினார் என்று பார்த்தால் போதும். இங்கே எப்படி எழுதினார் என்பதையும் பார்க்க வேண்டும். மூளை பாதிக்கப்பட்டவர் அனுப்பும் மெசேஜே சில நேரம் நோயின் அறிகுறியாக இருக்கும். கோபமாக வந்த வரி, குழம்பி வந்த வரி, மூன்று வாரமாக வராமலே போன வரி, மூன்றுக்கும் பின்னால் உடம்பு இருக்கலாம். இத்தனை வருடத்தில் ஓர் அட்மினாக நான் செய்த பெரிய தவறுகள் எல்லாமே இதை மறந்த நேரத்தில் செய்தவைதான்.

## ஒருவர் எழுதுவது திடீரென்று குழம்புகிறது, அல்லது "இது ஸ்ட்ரோக்கா?" என்று கேட்கிறார்

எங்கள் குழுவில் ஓர் ஐயா தினமும் காலை ஆறரைக்கு, "வணக்கம், இன்று நடை 20 நிமிடம்" என்று போடுவார். வலது கை வராது. இடது கையின் ஒரே விரலால் தட்டுவார், ஆனாலும் எழுத்துப் பிழை இருக்காது. ஒரு நாள் "வணகம் நடந நிநிமி" என்று வந்தது. அடுத்த மெசேஜில் வெறும் மெய்யெழுத்துகள். பேரப்பிள்ளை போனை எடுத்துவிட்டது என்று நினைத்து ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஓர் அக்கா மட்டும் அவருக்குப் போன் போட்டார். எடுத்தார், மூச்சு கேட்டது, பேச்சு வரவில்லை. குழுவில் சேரும்போது வாங்கி வைத்திருந்த இரண்டாவது எண்ணை நான் கூப்பிட்டேன். அது அவருடைய மகளின் எண். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வரிசை இதுதான்.

முதலில் போன் செய்யுங்கள். பதில் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். குரல் காதில் விழுந்தாலே பாதி தெரிந்துவிடும். எடுக்கவில்லை என்றால் உடனே இரண்டாவது எண். இந்த இரண்டாவது எண் இல்லாமல் யாரையும் குழுவில் சேர்க்காதீர்கள். கூடவே அவர் இருக்கும் ஊரில் ஆம்புலன்ஸுக்கு எந்த எண் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் ஊர் ஊராக, நாடு நாடாகச் சிதறியிருப்பார்கள். உங்கள் ஊர் எண் அவர்களுக்கு உதவாது.

பக்கத்தில் இருப்பவரிடம் பார்க்கச் சொல்ல வேண்டியவை: முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கினால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குளறுகிறதா. திடீர்த் தள்ளாட்டம், திடீரென்று பார்வை போவது, இதுவரை வராத அளவு தலைவலி ஆகியவையும் இதே கணக்கில்தான் சேரும். ஆனால் ஏற்கெனவே ஒரு கை விழுந்துபோனவரிடம் கையைத் தூக்கச் சொல்லி என்ன பயன்? அவர்கள் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "நேற்று இருந்ததற்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறது?" ஏதாவது ஒன்று புதிதாக மாறியிருந்தால் ஆம்புலன்ஸ். காய்ச்சல், தூக்கமின்மை, நோய்த்தொற்று ஆகியவற்றாலும் பழைய பலவீனம் திரும்பத் தலைகாட்டும் என்பது உண்மை. அதையும் மருத்துவமனையில் பார்த்துத்தான் சொல்ல முடியும். குழுவில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

அடுத்தது நேரம். மருத்துவர்கள் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்பதைத்தான். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய ரத்தக்குழாய் அடைப்பாக இருந்தால், கம்பி வழியாக ரத்தக்கட்டியை எடுக்கும் சிகிச்சையைச் சிலருக்கு 24 மணி நேரம்வரை செய்கிறார்கள். ஆனால் காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. பெரிய குழாய் அடைத்தால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். இங்கேதான் உங்கள் குழு ஒரு பெரிய உதவி செய்ய முடியும். அவர் கடைசியாகத் தெளிவாக எழுதிய மெசேஜுக்குப் பக்கத்தில் நேரம் இருக்கிறது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டாருக்கு அனுப்புங்கள். அந்த ஐயாவின் மகள் மருத்துவமனையில் காட்டியது அதைத்தான்: கடைசியாக நன்றாக இருந்த நேரம் முந்தின இரவு 9.40 என்பது போய், அன்று காலை 6.05 என்று ஆனது. குளிக்கப் போவதற்கு முன் இன்னொருவருக்கு ஒழுங்காகப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருந்தார்.

இதெல்லாம் நடக்கும்போது குழுவில் ஆளுக்கொரு யோசனை வந்து விழும். பத்து நிமிடம் அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். குறிப்பாக "உடனே ஒரு ஆஸ்பிரின் கொடுங்க" என்று யாராவது எழுதினால் அந்த நொடியே நீக்குங்கள். மாரடைப்புக்குச் சொன்ன யோசனையை இங்கே கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். இப்போது நடப்பது அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் யாருக்கும் தெரியாது. கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் அதை மோசமாக்கும். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம், விழுங்கும் திறன் போயிருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

"பத்து நிமிஷம் வாய் கோணிச்சு, இப்போ சரியாயிடுச்சு, காலைல டாக்டர்கிட்ட போறோம்" என்று எழுதுபவரிடம் கொஞ்சம் கறாராகவே இருங்கள். வந்து மறைந்தது சிறு பக்கவாதமாக இருக்கலாம். அதன் பிறகு பெரியது வருவதற்கான ஆபத்து முதல் இரண்டு நாளில்தான் மிக அதிகம். இன்றைக்கே, இப்போதே போக வேண்டும்.

குழுவின் உச்சியில் நாங்கள் பின் செய்து வைத்திருப்பது மூன்றே வரி: "புது ஸ்ட்ரோக்கா இல்லையா என்று இங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது. முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அப்புறம் எங்களிடம் சொல்லுங்கள்."

## "இனி யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன்" என்று ஒரு வரி வருகிறது

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. முடங்கிப்போன வருத்தம் மட்டும் இதற்குக் காரணமில்லை, மூளையில் ஏற்பட்ட பாதிப்பும் சேர்ந்துதான் இதைச் செய்கிறது. மருந்தும் பேச்சுவழி சிகிச்சையும் உண்டு, கேட்கவும் செய்யும். அதனால் "மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வது, காய்ச்சல்காரரிடம் சூடாகாமல் இருங்கள் என்று சொல்வதுபோல.

எல்லோருக்கும் நன்றி சொல்லி விடைபெறும் தொனி, "நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நிம்மதி" என்ற பேச்சு, நெடுநாள் சோர்வுக்குப் பின் காரணமில்லாமல் வரும் அமைதி, இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். ஓர் அட்மின் அவரைத் தனியாகக் கூப்பிடட்டும். சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் கேட்டதும் ஒரு நீண்ட மூச்சுதான் வரும், யாரோ ஒருவர் கேட்டுவிட்டார்களே என்று.

ஆமாம் என்றால், இப்போது தனியாக இருக்கிறாரா என்று கேளுங்கள். இன்னோர் அட்மின் இரண்டாவது எண்ணைக் கூப்பிட்டு யாராவது நேரில் போகும்வரை நீங்கள் லைனிலேயே இருங்கள். ஏதாவது ஏற்கெனவே செய்துகொண்டார் என்றோ இப்போதே செய்யப்போகிறார் என்றோ தெரிந்தால் அவசர எண். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். "உங்களைத் தனியா விட மாட்டேன், அதனால உங்க தம்பிகிட்ட சொல்றேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. தற்கொலைத் தடுப்பு உதவி எண்கள் பெரும்பாலும் பேசுவதற்கானவை. பேச்சிழப்பு உள்ளவர் அந்த எண்ணைக் கூப்பிட்டு என்ன செய்வார்? உங்கள் உறுப்பினர்கள் இருக்கும் இடங்களில் எழுத்து மூலம் பதில் தரும் சேவை எது என்று இப்போதே தேடி வையுங்கள். அப்படி ஒன்று இல்லாத ஊரில், அவருக்காக யார் பேசுவார் என்று சேரும்போதே குறித்து வையுங்கள். அவரோடு பேசும்போதும் ஆமாம், இல்லை என்று தலையசைத்தோ திரையைத் தட்டியோ சொல்லும்படியான கேள்விகளாகக் கேளுங்கள். வீடியோ அழைப்பு இதற்கு நல்லது.

குழுவில் அந்த வரியைப் பார்த்தவர்கள் பதறிப்போய்ப் புத்திமதி எழுதுவார்கள். "பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்பது ஏற்கெனவே பாரம் என்று நினைப்பவர் தலையில் இன்னொரு பாரம். மெசேஜை மறைத்துவிட்டு, "பார்த்துவிட்டோம், பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று மட்டும் போடுங்கள். எப்படி, எதை வைத்து என்ற விவரம் எதுவும் குழுவில் நிற்கக் கூடாது, அதைப் படிப்பவர்களில் இதே நிலையில் இன்னும் சிலர் இருப்பார்கள். மறுநாள் ஒரு முறை, வாரக் கடைசியில் ஒரு முறை அவரைக் கூப்பிடுங்கள். முதல் நாள் எல்லோரும் கூப்பிடுவார்கள். பத்தாவது நாள் கூப்பிட ஆள் இருக்காது.

## மருந்து யோசனைகள் ஓடுகின்றன

"எனக்கு இந்த மாத்திரைதான் கேட்டுச்சு, நீங்களும் மாத்துங்க." நல்ல மனதோடு எழுதியதுதான். ஆனால் பக்கவாதம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு எதிரெதிர் நோய்கள் இருக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு, சுமார் 85 சதவீதம் பேருக்கு, ரத்தக்குழாய் அடைத்து வந்தது. மற்றவர்களுக்கு ரத்தக்குழாய் வெடித்து வந்தது. முதலாமவரின் உயிரைக் காக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இரண்டாமவருக்கு ஆபத்தாக முடியலாம். இரண்டு பேரும் ஒரே குழுவில், ஒரே "ஸ்ட்ரோக் வந்தவர்" என்ற அடையாளத்தோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

நாங்கள் வைத்திருக்கும் விதி சுலபமானது. "எனக்கு" என்று தொடங்கும் வரி இருக்கலாம், "நீங்கள்" என்று முடியும் வரி நீங்கும். எனக்கு வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடும்போது பற்களில் ரத்தம் வந்தது, மருத்துவரிடம் சொன்னேன், இது அனுபவம். நீங்கள் அளவைக் குறையுங்கள், இது மருத்துவம். எத்தனை மில்லிகிராம் என்ற எண்ணோடு வருவதை எதுவாக இருந்தாலும் நீக்கிவிடுகிறோம்.

மூன்று இடத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, மாத்திரையை நிறுத்துவது. வயிறு எரிகிறது, காசு தீர்ந்துவிட்டது, உடம்பு சரியாகிவிட்டது என்று ஆஸ்பிரினையோ க்ளோபிடோக்ரலையோ தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்திய பிறகு மறுபடி அடைப்பு வரும் ஆபத்து கூடுகிறது. இப்படி யாராவது எழுதினால் வாதாட வேண்டாம், "இன்றைக்கே உங்கள் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள், மாலைக்குள் கேட்டீர்களா என்று நான் கேட்பேன்" என்று சொல்லுங்கள், கேட்கவும் செய்யுங்கள். இரண்டு, இயற்கை மருந்து. இயற்கையானது என்பதால் ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு தவறு. ஜிங்கோ போன்ற மூலிகை மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டலாம், வார்ஃபரினோடு பல மூலிகைகளும் மருந்துகளும் மோதும். வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும், அந்தக் குறுகிய பாதையிலிருந்து தள்ளிவிட ஒரு புட்டி போதும்.

மூன்றாவது விழுங்குவது. கெட்டியாக்கிய நீர்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர், "அதெல்லாம் வேண்டாம், சாதாரண தண்ணியே குடிக்கலாம், எங்கப்பா குடிக்கிறாரு, இருமல்கூட வரலை" என்று இன்னொருவர் சொன்னால் நம்பிவிடுவார். இருமல் வராமலே நீர் நுரையீரலுக்குள் போகும். தெரிவதே நிமோனியா வந்த பிறகுதான். இந்த ஒரு பேச்சை நான் விவாதமாக வளரவே விடுவதில்லை.

## "எழுந்து நடக்க வைக்கிறோம்" என்று ஒருவர் வந்திருக்கிறார்

வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதல் வாரம் எல்லோருக்கும் பூங்கொத்துப் பொம்மை. இரண்டாம் வாரம் தனி மெசேஜ். மூன்றாம் வாரம், "எங்க அண்ணன் இரண்டு வருஷம் படுக்கையில இருந்தாரு, இந்த ஊசி போட்டதும் நடந்துட்டாரு." ஸ்டெம்செல் ஊசி, காந்தப் படுக்கை, ரகசிய எண்ணெய், பெயர் மட்டும் மாறும். பக்கவாதத்துக்கு ஸ்டெம்செல் இன்னும் ஆய்வில் இருக்கும் விஷயம். முறையான ஆய்வில் சேருபவரிடம் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்த மாட்டார்கள்.

நம்மவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று புரிந்தால்தான் தடுக்க முடியும். ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றமே இருக்காது என்று அவர்களிடம் யாரோ சொல்லியிருப்பார்கள். மிக வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதத்தில் வரும் என்பது சரி. ஆனால் கதவு அதோடு மூடிவிடுவதில்லை, பயிற்சி செய்பவர்கள் வருடங்கள் கழித்தும் மெல்ல மெல்ல முன்னேறுகிறார்கள். இதைக் குழுவில் அடிக்கடி சொல்லிக்கொண்டே இருந்தால் ஊசிக்காரரின் சரக்கு விலைபோகாது. இன்னொன்று, மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளை எடைபோடும் திறனே குறைந்திருக்கும். அவர்களுக்கு எச்சரிக்கை மட்டும் போதாது. "பணம் என்று யார் பேசினாலும் எங்களில் ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள்" என்ற பழக்கம் வேண்டும்.

புதியவர்களை அட்மின் அனுமதித்தால்தான் சேரும்படி அமைப்பை மாற்றுங்கள். அழைப்பு லிங்க் வெளியே போய்விட்டால் அதை ரீசெட் செய்யுங்கள். கேட்காமல் தனி மெசேஜ் அனுப்பக் கூடாது என்பதை விதியாக எழுதுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதல் வேலை வங்கிக்குப் போன், இரண்டாவது சைபர் குற்றப் புகார். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடுத்த சில நாளில், "உங்க பணத்தை மீட்டுத் தருகிறேன்" என்று இன்னொருவர் வருவார். அதுவும் மோசடிதான். ஏமாந்தவரை யாரும் குழுவில் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்க விடாதீர்கள். கேட்டால், அடுத்து ஏமாறுபவர் சொல்லவே மாட்டார்.

## ஒருவர் திட்டுகிறார், அழுகிறார், இருபது மெசேஜ் போடுகிறார்

இந்த இடத்தில்தான் நான் ஒருவரை அநியாயமாக வெளியேற்றினேன். புதிதாகச் சேர்ந்தவர். யாரோ அவரை வரவேற்க, அதற்கு அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். ஆறு நொடி. அதில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை, மூன்று தடவை. கேட்டதும் நீக்கிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி எழுதினார்: "சார், அவருக்கு வாயில வர்றதே அந்த ஒரு வார்த்தைதான். நன்றி சொல்ல முயற்சி பண்ணாரு." மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை சொல்லும்போது குரல் உடைந்திருந்தது.

பேச்சிழப்பில் இது தெரிந்த விஷயம். யோசித்துச் சொல்லும் வார்த்தைகள் போய்விட்டாலும், வசவும் பாட்டும் எண்ணிக்கையும் போல வாய் தானாகவே சொல்லும் சொற்கள் மிஞ்சும். 1861-இல் பால் ப்ரோகா என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த நோயாளிக்கு மிஞ்சியது "டான்" என்ற ஓசை. எங்கள் உறுப்பினருக்கு மிஞ்சியது அந்த வசவு. இப்போது அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது, குழுவில் எல்லோருக்கும் தெரியும், அந்த வார்த்தை வந்தால் "வணக்கம் அண்ணா" என்று பதில் போடுகிறார்கள்.

அழுகையும் அப்படித்தான். சிலருக்கு மனதில் துக்கமே இல்லாமல் அழுகை பீறிடும், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வரும். அடக்கும் கட்டுப்பாடு போய்விட்டதுதான் காரணம், அதற்கு மருந்தும் இருக்கிறது. வீடியோ சந்திப்பில் ஒருவர் அழுதால் எல்லோரும் உறைந்துபோய் ஆறுதல் சொல்லத் தொடங்க வேண்டாம். ஒரு நொடி நிறுத்தி, "தொடரலாமா?" என்று அவரிடம் கேளுங்கள். பலர் அழுதுகொண்டே தலையை ஆட்டுவார்கள். தொடருங்கள்.

சரி, அப்படியானால் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வதா? இல்லை. மெசேஜை நீக்குங்கள், ஆளை உடனே நீக்காதீர்கள். பேசிப் பாருங்கள், வீட்டில் ஒருவரிடம் கேளுங்கள். திடீரென்று சுபாவமே மாறியிருந்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ஒரு நாள் இடைவெளி. ஆனால் மிரட்டலும், பெண்களுக்குத் தனியாக ஆபாச மெசேஜ் அனுப்புவதும் வேறு கணக்கு. காரணம் மூளையில் இருந்தாலும் அதைப் பெற்றுக்கொண்டவருக்கு ஏற்பட்ட பயம் குறைவதில்லை. உடனே வெளியேற்றிவிட்டு, அவருக்கு உதவ வேண்டியதை வெளியே வைத்துச் செய்யுங்கள்.

## பேசிக்கொண்டிருந்தவர் பேசுவதில்லை

பிழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்குப் பேச்சிழப்பு இருக்கும். அறிவு குறைவதில்லை, வார்த்தைக்குப் போகும் வழி அடைபட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் ஒரு வரி தட்டி முடிப்பதற்குள் குழுவில் நாற்பது ஃபார்வர்டு ஓடியிருக்கும். அவர் எழுதியது எதற்குப் பதில் என்றே யாருக்கும் தெரியாது. இரண்டு தடவை அப்படி ஆனால் மூன்றாம் தடவை எழுத மாட்டார்.

ஒரு மெசேஜில் ஒரே கேள்வி. ஆமாம், இல்லை, அல்லது இரண்டில் ஒன்று. படம் சேர்த்தால் இன்னும் நல்லது. எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள், பாதியில் நின்ற வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். டெலிகிராமில் ஸ்லோ மோட் இருக்கிறது, ஒருவர் ஒரு மெசேஜ் போட்டால் அடுத்ததற்குக் குறிப்பிட்ட நேரம் காத்திருக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் அதைப் போட்டுப் பாருங்கள், யார் யாரெல்லாம் வெளியே வருகிறார்கள் என்று. அதை மாலையில் வைக்காதீர்கள், பக்கவாதத்துக்குப் பின் வரும் களைப்பு அந்நேரம் பலரைச் சாய்த்திருக்கும். பார்வையில் பாதி போனவர்களுக்குப் படத்தின் ஓரத்தில் இருப்பது தெரியாது, முக்கியமானதை அங்கே ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்று வாரம் சத்தமே இல்லை என்றால் தனியாக ஒரு வரி: "நலமா? கட்டைவிரல் மேலே அல்லது கீழே போடுங்கள்." எதுவும் வரவில்லை என்றால் இரண்டாவது எண்.

## பார்த்துக்கொள்பவர்களின் ஆதங்கத்தை நோயாளிகள் படித்துவிடுகிறார்கள்

தனிக் குழு. வேறு வழியே இல்லை. மூன்றாம் இரவும் தூங்காமல் படுக்கை விரிப்பை மாற்றிய மகளுக்குப் "போதும்டா சாமி" என்று எழுத ஓர் இடம் வேண்டும். அதை அவருடைய அப்பா படிக்கவும் கூடாது.

இதிலேயே இன்னொரு சந்தேகம் வரலாம். ஓர் உறுப்பினர் "மாத்திரை தர மறந்துட்டாங்க", "போன் அவங்ககிட்டதான் இருக்கும்" என்று அடிக்கடி எழுதுகிறார், எழுதியதைச் சட்டென்று அழிக்கிறார். வீட்டில் கொடுமை நடக்கிறதோ என்று தோன்றினால் உடனே போன் செய்யாதீர்கள், எடுப்பது யார் என்று தெரியாது. "உங்கள் போனை வேறு யாராவது பார்ப்பார்களா?" என்றுகூட எழுத்தில் கேட்காதீர்கள். பிசியோவுக்குத் தனியாகப் போகும் நேரம் போன்ற ஒன்றைக் கண்டுபிடித்து, ஆமாம் இல்லை கேள்வியாகக் கேளுங்கள். வீட்டாரோடு நீங்கள் மோதினால் அதன் விளைவை அனுபவிப்பவர் அவர்தான். அவர் ஒப்புக்கொண்டால் முதியோர், மாற்றுத்திறனாளிகள், பெண்கள் பாதுகாப்புக்கான உதவி அமைப்போடு சேர்த்துவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காவல்துறையை நேராகக் கூப்பிடலாம்.

## அந்தரங்க விவரங்கள் வெளியே போகின்றன

டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஸ்கேன் படத்தையும் அப்படியே போடுவார்கள். மூலையில் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண், எல்லாம் இருக்கும். அட்மின் எல்லோருக்கும் சேர்த்து நீக்கிவிட்டு, மூலைகளை வெட்டிப் போடச் சொன்னால் போதும். வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். அது வேண்டாம் என்பவர்கள் இருந்தால், எண்ணை மறைக்க வழியுள்ள டெலிகிராம் பக்கம் போங்கள்.

"அப்பா இன்று முதல் தடவை நடந்தார்" என்ற வீடியோவை மகன் பெருமையோடுதான் போடுகிறார். அப்பாவிடம் கேட்டாரா? பேச முடியாதவரிடமும் படத்தைக் காட்டித் தலையசைக்கச் சொல்லலாம். கேட்டிருந்தால் மட்டுமே இருக்கட்டும்.

ஜூமில் சந்தித்தால் காத்திருப்பு அறையை இயக்கி, திரை பகிர்வை அட்மினுக்கு மட்டும் வையுங்கள். அழையாத ஆள் உள்ளே வந்து எதையாவது காட்டினால், பதறாமல் சந்திப்பை முடித்துவிட்டுப் புது லிங்க்கில் கூடுவது வேகமான வழி.

## அட்மினுக்கே தூக்கம் வருவதில்லை

ஒருவரே நடத்தும் குழு பாதுகாப்பான குழு இல்லை. அவர் நல்லவர், உழைப்பாளி என்பதெல்லாம் கணக்கில் வராது. குறைந்தது மூன்று பேர் வேண்டும், அதில் ஒருவராவது பக்கவாதத்தைத் தன் உடம்பில் கண்டவராக இருக்க வேண்டும். மேலே சொன்ன முதல் இரண்டு விஷயங்களில் ஏதாவது நடந்த நாளில், அதைக் கையாண்டவர் மறுநாள் குழுவைத் திறக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மற்ற இருவரில் ஒருவர் அவரைக் கூப்பிட்டு, குழுவைப் பற்றி அல்ல, அவரைப் பற்றிக் கேட்பார்.

இரவு பத்து மணிக்கு எங்கள் குழு அட்மின் மட்டும் எழுதும் நிலைக்குப் போகும். காலை ஆறு மணிக்குத் திறக்கும். மூடும்போது போடும் மெசேஜில் ஒவ்வோர் இரவும் அதே வரிகள்: "இப்போது இங்கே யாரும் விழித்திருக்க மாட்டோம். உடம்பில் புதிதாக ஏதாவது மாறினால் உங்கள் ஊர் ஆம்புலன்ஸ் எண். மனம் தாங்கவில்லை என்றால் மேலே பின் செய்திருக்கும் உதவி எண், அல்லது பக்கத்தில் தூங்குபவரை எழுப்புங்கள்." காலையில் திறந்ததும் முதலில் ஆறரை மணி மெசேஜைத்தான் பார்க்கிறோம். அந்த ஐயா இப்போது நடை 12 நிமிடம் என்று போடுகிறார்.